பதினொரு குழந்தைகளும் ஒரு பெயர்ப் பலகையும்

மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும் என்ற தைரியம் இருக்கிறதே, அது சாமான்யமானதல்ல. பால் கணக்கு, மளிகைக் கணக்கு, பள்ளிக்கூடச் சம்பளம், வீட்டு வாடகை எல்லாம் அந்தத் தைரியத்தின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே, பெரிய கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் கணவரோ, இந்தக் காலத்தில் மனைவியோ, ஒரு நாள் மாலைக் காப்பியைக் குடித்துவிட்டு, "வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆலோசனைத் தொழில் ஆரம்பிக்கலாமென்று பார்க்கிறேன்" என்று சொன்னால், கேட்பவருக்கு வயிற்றில் புளியைக் கரைப்பதில் ஆச்சரியம் என்ன?

"ஆலோசனைக்கு யாராவது பணம் கொடுப்பார்களா? நம் பெரியப்பா அதை இனாமாகவே கொடுக்கிறாரே!" என்று உள்ளேயிருந்து ஒரு குரலும் கிளம்பும்.

அந்தக் குரலில் நியாயம் இல்லாமல் இல்லை. நகைக்கடைக்காரரிடம் நகை இருக்கிறது. தையற்காரரிடம் தையல் யந்திரம் இருக்கிறது. ஆலோசகரிடம் இருக்கும் சரக்கு அவருடைய வாய்ச்சொல் ஒன்றுதான். மேஜை, நாற்காலி, டெலிபோன் - இவ்வளவுதான் முதல். முதல் குறைவு என்பதால் ஆரம்பிப்பது சுலபம். ஆனால், இவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நாலு பேர் நம்பினால்தான் நாலு காசு வரும். அந்த நம்பிக்கை ஒரு மனிதர்மேல் வைத்த நம்பிக்கை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கடையில் மிச்சம் என்ன இருக்கும்?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே பதிலாக்கிக் காட்டிய ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவர் அமெரிக்கர். பெயர் லில்லியன் கில்பிரெத். அந்தக் கேள்வி அவர் முன்னால் வந்து நின்ற தினத்தில் அவருக்கு வயது 46. வீட்டில் குழந்தைகள் பதினொன்று!

செங்கல்லில் ஆரம்பம்

கதை அவருடைய கணவரிடமிருந்து தொடங்குகிறது. ஃபிராங்க் கில்பிரெத் 1868-ல் பிறந்தவர். பெரிய தொழில் நுட்பக் கல்லூரியில் சேர வாய்ப்பிருந்தும், 17 வயதில் பாஸ்டன் நகரில் கொத்து வேலை பழகப் போய்விட்டார். முதல் நாளே அவருக்கு ஒரு சந்தேகம். வேலை கற்றுக்கொடுக்க வந்த கொத்தனார்கள் ஆளுக்கொரு விதமாகச் செங்கல் வைத்தார்கள். அதுமட்டுமா? ஒரே கொத்தனார், நிதானமாக வேலை செய்யும்போது ஒரு விதமாகவும், அவசரத்தில் வேறு விதமாகவும் வைத்தார். 'இதில் எது சரியான விதம்?' என்று பையன் கேட்க ஆரம்பித்தான். அன்று கேட்ட கேள்வியை ஆயுள் முழுவதும் விடவில்லை.

ஒரு செங்கல்லை எடுத்து வைக்க 18 அசைவுகள் இருந்ததை அவர் ஐந்துக்குள் கொண்டு வந்தார். செங்கல்லுக்காகக் குனிந்து குனிந்து நிமிரும் தொல்லை ஒழிய, சுவர் உயர உயரத் தானும் உயரும் சாரம் ஒன்றை அமைத்தார். மணிக்கு 120 செங்கல் வைத்தவர்கள் 350 வைத்தார்கள். முன்னைவிட முதுகு வலியும் குறைவு. 1895-ல் அவர் சொந்தமாகக் கட்டட ஒப்பந்தத் தொழில் ஆரம்பித்தார். தொழில் வளர்ந்தது. லண்டனில்கூடக் காரியாலயம் வைத்தார்.

1904 அக்டோபரில் அவருக்கும் லில்லியன் மோலருக்கும் திருமணம் நடந்தது. லில்லியன் கலிபோர்னியாவில் வசதியான குடும்பத்துப் பெண். பெர்க்லி சர்வகலாசாலையில் 1900-ல் பட்டம் பெற்றபோது, பட்டமளிப்பு விழா மேடையில் பேசிய முதல் பெண் என்ற பெருமையைப் பெற்றவர். இலக்கியம் படித்த அந்தப் பெண், கல்யாணத்துக்குப் பிறகு மனோதத்துவத்துக்குத் திரும்பினார். கணவர் கையின் அசைவைப் பார்த்தார். மனைவி அந்தக் கைக்குரியவரின் மனத்தைப் பார்த்தார். சோர்வு எங்கே வருகிறது, சலிப்பு எதனால் வருகிறது, புதிய முறையைச் சொன்னால் தொழிலாளி ஏன் முகத்தைச் சுளிக்கிறான் என்பதெல்லாம் இந்த அம்மையார் சேர்த்த சங்கதி.

1912 வாக்கில் ஃபிராங்க் ஒரு முடிவுக்கு வந்தார். கட்டடம் கட்டுவதை விட்டுவிட்டு, வேலையை எப்படிச் செய்வது என்று மற்றவர்களுக்குச் சொல்வதையே தொழிலாக வைத்துக்கொள்வது என்று. ஆட்கள், சாமான்கள், ஒப்பந்தங்கள் என்று பரந்து கிடந்த தொழிலைச் சுருட்டிக்கொண்டு, மூட்டை முடிச்சுடன் ப்ராவிடென்ஸ் என்ற ஊருக்குக் குடும்பம் போய்ச் சேர்ந்தது. கயிறும் நாடாவும் பின்னும் யந்திரங்களைச் செய்யும் நியூ இங்கிலாண்ட் பட் கம்பெனி என்ற தொழிற்சாலைதான் அங்கே பெரிய வாடிக்கை. தொழிலாளி வேலை செய்வதைச் சினிமாப் படமாக எடுத்து, பக்கத்தில் ஒரு விசேஷக் கடிகாரத்தையும் வைத்து, எந்த அசைவுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்க்கும் முறையை அங்கேதான் கையாண்டார்கள். சினிமா என்றாலே வேடிக்கை என்றிருந்த காலம் அது!

அதே 1912-ம் ஆண்டுதான் அவர்களுடைய இரண்டாவது பெண் மேரி, ஐந்து வயதுக் குழந்தை, தொண்டை அடைப்பான் நோயில் இறந்து போனாள். பன்னிரண்டு குழந்தைகள் பிறந்த வீடு என்று உலகம் வேடிக்கையாகச் சொல்லும் குடும்பத்தில், பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்ததே கிடையாது.

ஊரில் இல்லாத ஆலோசகர்

புதிய தொழிலில் முதல் சில வருஷங்கள் எப்படிப் போயின? ஆட்கள் வந்தார்கள், போகவும் செய்தார்கள்.

நியூ ஜெர்ஸியில் கைக்குட்டை தயாரிக்கும் கம்பெனி ஒன்று ஃபிராங்கை ஆலோசகராக வைத்துக்கொண்டது. அந்தச் சமயம் ஜெர்மனியிலிருந்தும் ஒரு பெரிய வாடிக்கை வந்தது. ஃபிராங்க் கப்பல் ஏறிவிட்டார். இங்கே அவருடைய உதவியாளர்கள் வேலையைப் பார்த்தார்கள். கைக்குட்டைக் கம்பெனியாருக்குப் பொறுக்கவில்லை. 'செலவு ஏறுகிறது; யாரை நம்பிப் பணம் கொடுத்தோமோ அவர் கண்ணிலேயே படவில்லை' என்று அவர்கள் போய்ச் சொன்ன இடம் எது தெரியுமா? இந்தத் துறைக்கே தந்தை என்று கொண்டாடப்பட்ட ஃபிரடரிக் டெய்லரிடம்! 1914-ல் டெய்லர் தம்முடைய சிஷ்யர் ஒருவரை அந்த வேலைக்கு அனுப்பி வைத்தார். குருவைப்போல் மதித்திருந்தவரே வாடிக்கையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்ற கசப்பு ஃபிராங்குக்குக் கடைசிவரை தீரவில்லை.

டெய்லர் செய்தது சரியா என்பது வேறு விஷயம். என்னைக் கேட்டால், கைக்குட்டைக் கம்பெனியார் கேட்டதில் தப்பில்லை என்பேன். அவர்கள் வாங்கியது கில்பிரெத்தின் கண்ணை. கில்பிரெத்தின் பெயர்ப் பலகையை மட்டுமல்ல. ஒரு பெரிய வாடிக்கை வந்துவிட்டால் சிறிய வாடிக்கையைக் கையாளிடம் விட்டுவிடும் ஆசை, தனி ஆளாகத் தொழில் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டாம் வருஷமே வந்து சேர்கிறது.

இந்த அமளியெல்லாம் நடந்தபோது லில்லியன் என்ன செய்தார்? காரியாலயத்தைப் பார்த்துக்கொண்டார். கடிதங்கள் எழுதினார். கணவர் பெயரில் வெளிவந்த புத்தகங்களைச் செப்பனிட்டார். நிர்வாகத்தின் மனோதத்துவம் பற்றித் தாமே ஒரு புத்தகம் எழுதினார். 1914-ல் அது வெளிவந்தது. எழுதியவர் ஒரு பெண் என்று தெரிந்தால் தொழிலதிபர்கள் வாங்க மாட்டார்கள் என்று பிரசுரகர்த்தர்கள் பயந்ததால், அட்டையில் 'எல். எம். கில்பிரெத்' என்று எழுத்துக்களோடு நிறுத்திக்கொண்டார்கள். 1915-ல், ஆறு குழந்தைகளுக்குத் தாயாக, ப்ரௌன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் வாங்கினார். சிலருக்கு ஒரு நாளைக்கு நாற்பது மணி நேரம் இருக்கும்போலிருக்கிறது!

இன்னொன்றும் செய்தார்கள். 1913 முதல் நாலு வருஷம், கோடை விடுமுறையில், கல்லூரிப் பேராசிரியர்களை வரவழைத்துத் தங்கள் முறைகளைப் பைசா வாங்காமல் கற்றுக்கொடுத்தார்கள். காசு கொடுத்துக் கேட்க வேண்டியதை இனாமாகச் சொல்கிறார்களே என்று அப்போது பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். பின்னால் அந்தப் பழக்கம்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

வேலிக்கு வர்ணம்

பிறகு குடும்பம் நியூ ஜெர்ஸியில் மான்ட்க்ளேர் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. வீடும் காரியாலயமும் ஒன்றே. அந்த வீட்டு வாழ்க்கையைக் குழந்தைகளில் இருவர் பின்னால் 'சீப்பர் பை தி டஜன்' என்ற புத்தகமாக எழுதினார்கள். 1948-ல் வெளிவந்து சக்கைப்போடு போட்ட புத்தகம். 1950-ல் சினிமாவாகவும் வந்தது.

அப்பா உள்சட்டைப் பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போடுவாராம். மேலிருந்து கீழே போட்டால் ஏழு விநாடி. கீழிருந்து மேலே போட்டால் மூன்றே விநாடி! இரண்டு கையிலும் இரண்டு சவரக் கத்தி பிடித்துக்கூட ஒரு தடவை பார்த்தாராம். 44 விநாடி மிச்சமாயிற்று. ஆனால் கழுத்துக் காயத்துக்குக் கட்டுப் போட இரண்டு நிமிஷம் பிடித்ததாம்!

வீட்டில் பெரிய வேலை ஏதாவது இருந்தால் குழந்தைகளிடம் டெண்டர் கேட்பது வழக்கம். குறைந்த தொகை கேட்பவருக்கு வேலை. எட்டு வயது லில், சக்கரக் காலணி வாங்க ஆசைப்பட்டு, நீளமான வேலி ஒன்றுக்கு வர்ணம் அடிக்க 47 சென்ட் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வேலை அவளுக்கே கிடைத்தது. பத்து நாள் ஆயிற்று முடிக்க. கையெல்லாம் கொப்புளம். அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. அப்பாவோ ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று சொல்லிவிட்டார். முடித்து, 47 சென்ட்டை வாங்கிக்கொண்டு அழுதுகொண்டே படுக்கப் போனவளின் தலையணைக்கடியில் ஒரு ஜோடி சக்கரக் காலணி இருந்தது.

வெளியுலகில் தலையணைக்கடியில் யாரும் எதுவும் வைப்பதில்லை. கூலி கேட்பதில் லில் செய்த காரியத்தைத்தான் உத்தியோகத்தை விட்டு வரும் பெரியவர்களும் செய்கிறார்கள். நம் ஊர்க் கணக்காகவே பார்ப்போம். மாதச் சம்பளம் 1 லட்ச ரூபாய். வேலை நாள் 25. ஆக நாளைக்கு 4,000 ரூபாய் கேட்டால் போதும் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் மாதத்தில் 25 நாளும் யார் கூப்பிடுகிறார்கள்? ஆள் தேடுவது, போய்ப் பேசுவது, பேசியதை எழுதிக் கொடுப்பது, பில்லுக்கு நடப்பது என்று பாதி நாள் போய்விடும். 12 நாள் கூலி கிடைத்தால் வருவது 48,000. பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை! 1 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் நாளைக்கு 8,300-க்கு மேல் வருகிறது. கம்பெனி கட்டிவந்த வைத்தியக் காப்பீடு, டெலிபோன், பிரயாணம் இவற்றையும் சேர்த்தால் 10,000-க்குக் குறைத்துக் கேட்பது வேலிக்கு வர்ணம் அடிக்கிற கதைதான்.

கேட்ட தொகை கைக்கு வரும் நாளும் முக்கியம். சிறு தொழில்களுக்காக 2006-ல் நம் நாட்டில் வந்த சட்டம், பதிவு செய்துகொண்ட சிறு தொழில்களின் பில்லை 45 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தவறினால் வட்டி உண்டு என்கிறது. ஆலோசனைத் தொழிலும் அதில் பதிவு செய்துகொள்ளலாம். சட்டம் இருந்தாலும், முதல் பில் பணமாகும் வரை வீடு ஓட வேண்டுமே! ஆகவே, வேலையை விடுவதற்கு முன்னால் எத்தனை மாதச் செலவுக்குக் கையில் இருக்கிறது என்று வீட்டு அம்மாள் கேட்டால், அதை அவநம்பிக்கை என்று கோபித்துக்கொள்ளக்கூடாது.

டெலிபோனில் பாதிப் பேச்சு

1924 ஜூன் 14. ஃபிராங்க் ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஏற்பாட்டில் இருந்தார். லண்டனிலும், ப்ராக் நகரில் நடக்கவிருந்த முதல் சர்வதேச நிர்வாக மகாநாட்டிலும் அவர் பேச வேண்டும். அன்று நியூயார்க்குக்குப் போக மான்ட்க்ளேர் ரயில் நிலையத்துக்கு வந்தவர், அங்கிருந்து வீட்டுக்கு டெலிபோன் செய்தார். மனைவியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு. டெலிபோன் கூண்டிலேயே உயிர் பிரிந்துவிட்டது. வயது 55.

மூத்த பெண்ணுக்குப் பதினெட்டு வயது. கடைசிக் குழந்தைக்கு இரண்டு. பெரிய சேமிப்பு எதுவும் இல்லை. வந்ததெல்லாம் ஆராய்ச்சிக்கும் படச்சுருளுக்கும் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. குழந்தைகள் அத்தனை பேரும் கல்லூரியில் படிக்க வேண்டும் என்பது மட்டும் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்திருந்த தீர்மானம்.

கலிபோர்னியாவில் லில்லியனுடைய தாய்வீடு இருந்தது. வசதிக்குக் குறைவில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடுவதுதான் யாரும் சொல்லக்கூடிய யோசனை. லில்லியன் குழந்தைகளை உட்கார வைத்துப் பேசினார். அப்பாவுக்குப் பதிலாகத் தாம் கப்பல் ஏறுவதென்றும், தொழிலைத் தொடர்ந்து நடத்துவதென்றும் அவருக்கு எண்ணம். நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். பெரிய குழந்தைகள் சம்மதித்தார்கள். சில நாட்களுக்குள் அவர் கப்பலில் இருந்தார். லண்டனிலும் ப்ராகிலும் கணவருடைய இடத்தில் நின்று பேசினார்.

'துக்கம் ஆறுவதற்குள் மேடையா?' என்று அந்த ஊரிலும் சிலர் நினைத்திருக்கக்கூடும். அந்த மகாநாட்டுக்கு உலகத்திலுள்ள அவருடைய வாடிக்கைக்காரர்களும் வரக்கூடியவர்களும் வந்திருந்தார்கள். கில்பிரெத் காரியாலயம் மூடப்படவில்லை என்று அவர்களுக்கு நேரில் தெரியவேண்டிய நேரம் அதுதான்.

தெரிந்தும் பலன்? திரும்பி வந்தால், இருந்த வாடிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவின. 'உங்கள் கணவர் இருந்தவரையில் சரி. தொழிற்சாலைக்குள் வந்து ஆண்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க ஒரு பெண்ணா?' என்பதுதான் விஷயம். வார்த்தைகள் மட்டும் மரியாதையாக இருந்தன. இந்த அம்மையார் கணவருடன் பன்னிரண்டு வருஷம் அதே வேலையைச் செய்தவர். அவரிடம் இல்லாத டாக்டர் பட்டமும் பெற்றவர். 1921-ல் தொழில் துறைப் பொறியாளர் சங்கம் அவருக்குக் கௌரவ அங்கத்தினர் பதவி கொடுத்திருந்தது. கௌரவ அங்கத்தினர் ஏன் என்கிறீர்களா? பெண்களைச் சாதாரண அங்கத்தினராகச் சேர்க்க விதி இடம் கொடுக்கவில்லை!

தொழிற்சாலை வீட்டுக்கு வந்தது

வாசற்கதவை மூடுகிறவர்களோடு வாதாடிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. 'என்னைத் தொழிற்சாலைக்குள் விட வேண்டாம். உங்கள் ஆளை என்னிடம் அனுப்புங்கள். கற்றுக்கொடுத்து அனுப்புகிறேன்' என்கிற மாதிரி ஒரு திட்டம் போட்டார். மான்ட்க்ளேர் வீட்டிலேயே பதினாறு வாரப் பாடம். கணவர் விட்டுப்போன படச்சுருள்கள், கருவிகள், குறிப்புப் புத்தகங்கள் எல்லாம் பாட சாமான்கள் ஆயின. 1925-ல் வகுப்பு தொடங்கியது. ஒரு பக்கம் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய் வர, இன்னொரு பக்கம் கம்பெனிகள் அனுப்பிய மாணவர்கள் வந்துபோய்க் கொண்டிருந்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் இதில் எத்தனை சௌகரியம்! வாடகை இல்லை. குழந்தைகளை விட்டுப் பிரிய வேண்டியதில்லை. ஒரே பாடத்தை ஒரே சமயத்தில் ஐந்தாறு கம்பெனிகளுக்கு விற்கலாம். பாடம் முடிந்து திரும்பிப் போகும் மாணவர், தம் கம்பெனிக்குள் அம்மையாருக்கு ஒரு சிநேகிதராகிவிடுவார். 'இதை அந்த அம்மாளையே வந்து பார்க்கச் சொன்னால் என்ன?' என்று ஒருநாள் முதலாளியிடம் சொல்வார்.

நடந்ததும் அதுதான். மாணவர்களை அனுப்பிய நிறுவனங்களில் நியூயார்க்கிலுள்ள மேஸீஸ் என்னும் பெரிய பலசரக்கு அங்காடியும், ஜான்ஸன் அண்டு ஜான்ஸன் நிறுவனமும் உண்டு. இரண்டுமே அவரை ஆலோசகராகவும் அழைத்தன.

மேஸீஸில் பெரும்பாலும் பெண்கள்தாம் வேலை பார்த்தார்கள். அந்தக் காலத்து அங்காடிகளில், விற்பனைப் பெண் வாங்கும் பணம் காற்றழுத்தக் குழாய் வழியாக ஓர் அறைக்குப் பறந்து போகும். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்கள் சில்லறை எண்ணித் திருப்பி அனுப்புவார்கள். நாள் முழுவதும் குழாய் இரைச்சல். லில்லியன் அங்கே உட்கார்ந்து பார்த்தார். விற்பனைப் பெண்களோடு நின்றும் பார்த்தார். காதுக்கு இரைச்சலும் கண்ணுக்கு உறுத்தலும் குறைய வழி சொன்னார். இரட்டிப்பாக எழுதப்பட்டுக்கொண்டிருந்த கணக்குகளை ஒழித்தார். அவருக்குத் 'தொழிற்சாலை வேண்டாம், பெண்ணாயிற்றே' என்று சொன்னவர்கள் நினைத்துப் பார்க்காத வேலை இது.

1926-ல் ஜான்ஸன் கம்பெனி கேட்ட வேலை இன்னும் விசேஷமானது. பெண்கள் மாதவிலக்கின்போது உபயோகிக்கும் துணிப்பட்டைகளைக் கம்பெனி தயாரித்து வந்தது. அது சௌகரியமாக இருக்கிறதா என்று ஆண் பொறியாளர் யாரைப் போய்க் கேட்பார்? கேட்டாலும் யார் பதில் சொல்வார்கள்? லில்லியன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்து அறிக்கை கொடுத்தார். சந்தையிலிருந்த எதுவும் சரியில்லை, கனம் அதிகம், அளவு பொருந்தவில்லை என்று சொன்னார். பணம் கொடுத்த கம்பெனியின் சரக்கையும் விட்டுவைக்கவில்லை. பதினொரு பிள்ளைகளுடன் வாடிக்கைகளுக்குத் தவித்துக்கொண்டிருந்த பெண்மணி, கொடுப்பவருக்கு இனிப்பாகத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். உள்ளதை உள்ளபடி எழுதினார். கம்பெனிக்கும் அவருக்கும் உறவு முறியவில்லை.

281 அடி, 45 அடி

அதற்குப் பிறகு வந்ததுதான் சமையலறை. ப்ரூக்ளினில் அடுப்பு வாயு வழங்கும் கம்பெனிக்கு அப்போது தலைவராக இருந்தவர் மேரி டில்லன் என்ற பெண்மணி. சாதாரண எழுத்தராக வேலைக்குச் சேர்ந்து அந்தப் பதவிக்கு உயர்ந்தவர். மாதிரிச் சமையலறை ஒன்றை அமைக்கும் பொறுப்பை லில்லியனிடம் விட்டார். 1929-ல் ஒரு மாதர் பொருட்காட்சியில் அது திறந்து வைக்கப்பட்டது. அடுப்பும் வேலை செய்யும் மேடையும் பக்கத்தில் பக்கத்தில், சாமான்கள் தலைக்கு மேலே, பாத்திரங்கள் கீழே, எட்டுகிற தூரத்தில் குளிர்பெட்டி, இழுத்துக்கொண்டு போகச் சக்கரம் வைத்த மேஜை. மேடையின் உயரம் சமைக்கிறவரின் உயரத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தினார்.

சோதனைக்காக ஸ்டிராபெர்ரிப் பழக் கேக் ஒன்றைப் பழைய மாதிரிச் சமையலறையிலும் இதிலும் செய்து பார்த்தார்கள். வேலைகள் 97-லிருந்து 64-ஆகக் குறைந்தன. நடந்த அடிகள் 281-லிருந்து 45! காலையில் காப்பி போட ஆரம்பித்து இரவு பாத்திரம் கழுவும் வரையில் நம் வீட்டில் எத்தனை அடி நடக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க யாருக்கு நேரமிருக்கிறது?

ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்காக 4,000-க்கும் அதிகமான பெண்களை விசாரித்து, அடுப்பும் கழுவு தொட்டியும் எந்த உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது என்று கண்டு சொன்னார். காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத் தொட்டியும், குளிர்பெட்டிக் கதவின் உட்புறத் தட்டுகளும் இந்த அம்மையார் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்குச் சமைக்கத் தெரியாது! வீட்டில் சமையலுக்கு ஆள் இருந்தது. மாமியார் இருந்தவரையில் மாமியார் பார்த்துக்கொண்டார். அம்மாவின் சமையலைக் குழந்தைகளே கேலி செய்திருக்கிறார்கள். சமைக்கத் தெரியாதவர் சமையலறைக்கு யோசனை சொல்லலாமா? தெரியாததால்தான் அவர் யாரையும் கேட்காமல் எதையும் தீர்மானிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 4,000 பேரைக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

ஒரு கால் கல்லூரியில்

1929-க்குப் பிறகு அமெரிக்காவில் வந்த பொருளாதார மந்தத்தில் பெரிய பெரிய நிறுவனங்களே ஆட்டம் கண்டன. ஆலோசகரை நிறுத்துவதுதான் எந்தக் கம்பெனிக்கும் சுலபமான முதல் சிக்கனம். மான்ட்க்ளேர் வகுப்பும் அந்தச் சமயத்தில் முடிவுக்கு வந்தது. 1930-ல் ஜனாதிபதி ஹூவர் அமைத்த வேலையில்லாத் திண்டாட்டக் குழுவில் லில்லியன் பணி செய்தார். 1935-ல் பர்டூ சர்வகலாசாலை அவரைப் பொறியியல் பகுதியில் நிர்வாகத் துறைப் பேராசிரியராக நியமித்தது. அங்கே பொறியியலில் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண் அவர்தான். அந்தச் சர்வகலாசாலையில் வருஷந்தோறும் பிரசங்கம் செய்துவந்தவர் ஃபிராங்க். அவர் காலமானதும் அந்தப் பிரசங்கங்களை லில்லியன் ஏற்றுக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் பதவி வந்த பிறகும் ஆலோசனைத் தொழிலை அவர் விட்டுவிடவில்லை. ஒரு பக்கம் நிச்சயமான வருமானம், மறு பக்கம் வாடிக்கைகள், இடையில் புத்தகங்கள், பிரசங்கங்கள். சொந்தத் தொழில் செய்கிறவர் மாதச் சம்பளத்தைத் தொடக்கூடாது என்று யார் விதித்தார்கள்? பதினொரு பேருக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டியவருக்கு அப்படிப்பட்ட வைராக்கியம் கட்டுப்படியாகாது.

பதினொரு பேரும் கல்லூரிக்குப் போனார்கள். ஃபிராங்கோடு சேர்ந்து எடுத்த தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆனாலும் அம்மையார் ஓய்வெடுக்கவில்லை. அங்கவீனர்களான பெண்கள் தாங்களே வீட்டு வேலைகளைச் செய்துகொள்ளும்படி சமையலறைகளை அமைப்பதில் பிற்காலத்தில் ஈடுபட்டார். 1965-ல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆனார். அப்போது அவருக்கு வயது 87. மறு வருஷம், பொறியாளர்களுக்கு அளிக்கப்படும் ஹூவர் பதக்கம் கிடைத்தது. அதையும் அவருக்கு முன்னால் எந்தப் பெண்ணும் பெற்றதில்லை.

1972 ஜனவரி 2-ந் தேதி, அரிஸோனா மாகாணத்தில், தமது 93-வது வயதில் அவர் காலமானார். ஃபிராங்க் இல்லாமல் அந்தத் தொழிலில் அவர் கழித்த வருஷங்கள், ஃபிராங்கோடு சேர்ந்து கழித்த வருஷங்களைப்போல் மூன்று பங்குக்கு மேல்.